ஒரு பனியனை வைத்து உலகக் குடிமை கற்பிக்கும் ஆறு வாரப் பாடம்

உலகக் குடிமையும் (உலகின் மறுகோடியில் இருப்பவரோடும் நமக்குத் தொடர்பும் பொறுப்பும் உண்டு என்ற உணர்வு) நீடித்த வளர்ச்சியும் நம் பள்ளிகளுக்குள் பெரும்பாலும் சுவரொட்டியாகத்தான் வந்து சேர்கின்றன. நீடித்த வளர்ச்சி இலக்குகளின் 17 வண்ணக் கட்டங்களை வரைந்து மாட்டுகிறோம், காலை வழிபாட்டில் ஓர் உறுதிமொழி எடுக்கிறோம், மறுநாள் மறந்துவிடுகிறோம். 2015-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட அந்த 17 இலக்குகளில் நான்காவது கல்வி பற்றியது. அதன் 4.7 என்ற உட்பிரிவு, உலகக் குடிமையையும் நீடித்த வாழ்முறையையும் எல்லா மாணவரும் கற்க வேண்டும் என்கிறது. எப்படிக் கற்பிப்பது என்பதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

எங்கள் பரிந்துரை எளியது: 17 தலைப்புகளைத் தொடாதீர்கள். குழந்தையின் உடம்பில் இருக்கும் ஒரே ஒரு பொருளை எடுத்து, அது வந்த வழியே பின்னோக்கிப் போங்கள். தமிழ்நாட்டில் இதற்குப் பனியனைவிடப் பொருத்தமான பொருள் கிடையாது. பெரம்பலூர் பக்கம் பருத்தி விளைகிறது. கோவை, திண்டுக்கல் பக்கம் நூற்பாலைகள் ஓடுகின்றன. திருப்பூரில் நூலைப் பின்னித் துணியாக்கும் நிட்டிங், சாயம், தையல், பேக்கிங் எல்லாம் நடக்கிறது. தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பல் ஏறுகிறது. ஒரு நாள் பேருந்துப் பயணத்துக்குள் முழுச் சங்கிலியும் அடங்கிவிடுகிறது.

கீழே உள்ளது 7 முதல் 9-ஆம் வகுப்பு வரைக்கும், 40 மாணவர் கொண்ட வகுப்புக்கும் ஏற்றது. வாரம் இரண்டு பாடவேளை என ஆறு வாரம் ஓடும். அறிவியல் ஆசிரியரும் சமூக அறிவியல் ஆசிரியரும் சேர்ந்து எடுத்தால் பாரம் பாதியாகும். ஒருவரே எடுப்பதானால் மூன்றாம், நான்காம் வாரங்களை மட்டும் நன்றாகச் செய்தாலும் போதும்.

தொடங்கும் முன் சேர்க்க வேண்டியவை

நூறு சதவீதப் பருத்திப் பனியன் ஒன்று, விளையாட்டு ஜெர்சி ஒன்று, பழைய சீருடைத் துண்டு ஒன்று. உலக வரைபடம், 100 புளியங்கொட்டை, 100 பச்சைப்பயறு, ஒரே அளவுள்ள ஐந்து டப்பா மூடிகள், உப்பு, கிராம் காட்டும் சமையலறைத் தராசு, நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவைக் காட்டும் பேனா வடிவ டி.டி.எஸ். மீட்டர் ஒன்று. ஆறாம் வாரத்துக்கு 20 ஊசி, நூல், ஒரு டப்பா பொத்தான். டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். குடிநீர் கேன் போடுபவர்கள் பலரிடமும் இருக்கும், ஒரு வாரத்துக்கு இரவல் கேட்கலாம்.

இவற்றைவிட முக்கியமான முன்தயாரிப்பு ஒன்று உண்டு. வகுப்பில் யார் வீட்டில் என்ன தொழில் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் வகுப்பில் வைத்துக் கேட்காதீர்கள். நூற்பாலையில் வேலை செய்யும் அக்காவும், சாயப்பட்டறைக்குப் போகும் அப்பாவும், ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்பும் அம்மாவும் அந்த வகுப்பறையில் ஏற்கெனவே இருக்கிறார்கள். "உன் அம்மா எவ்வளவு சம்பாதிக்கிறார்?" என்ற ஒரு கேள்வி போதும், அந்தக் குழந்தை ஆறு வாரமும் வாய் திறக்காது. தானாக முன்வந்து சொன்னால் கேளுங்கள், எடுத்துக்காட்டாக்கிக் கரும்பலகையில் எழுதாதீர்கள். பேச்சின் நடுவே, படிப்பை விட்டு ஆலைக்குப் போன சிறுமி பற்றியோ முடக்கி வைக்கப்பட்ட சம்பளம் பற்றியோ யாராவது சொன்னால், வகுப்பு முடிந்ததும் தனியாகப் பேசுங்கள். தேவைப்பட்டால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குத் தகவல் கொடுங்கள்.

முதல் வாரம்: எத்தனை கை பட்டது?

எதையும் விளக்காமல் தொடங்குங்கள். ஆளுக்கொரு தாள் கொடுத்து, "இந்தப் பனியன் உன்னிடம் வரும்வரை யார் யார் கை பட்டிருக்கும்? வரைந்து காட்டு" என்று 15 நிமிடம் விடுங்கள். பெரும்பாலான படங்களில் கடைக்காரர், டைலர், சிலவற்றில் ஒரு செடி. இவ்வளவுதான் இருக்கும். பெயர் எழுதி வாங்கி பீரோவில் பூட்டி வையுங்கள். ஆறாம் வாரம் மறுபடியும் இதே கேள்வி வரும்.

அடுத்தது லேபிள் வேட்டை. வீட்டில் இருக்கும் துணிகளின் லேபிளைப் பார்த்து நாட்டின் பெயரையும் இழையின் பெயரையும் மட்டும் எழுதி வரச் சொல்லுங்கள். விலையும் பிராண்டும் வேண்டாம், அவை வீட்டு வசதியை அம்பலப்படுத்திவிடும். இங்கே ஒரு சிக்கல் நிச்சயம் வரும். சந்தையில் வாங்கிய துணியில் லேபிளே இருக்காது, இருப்பதிலும் பெரும்பாலும் இந்தியா என்றே இருக்கும். அதனால் 10, 15 ஏற்றுமதி லேபிள்களை நீங்களே கையில் வைத்திருங்கள். திருப்பூர் காதர்பேட்டையில் ஏற்றுமதியில் மிஞ்சிய துணிகள் விற்கிறார்கள், அந்த வகைத் துணி இப்போது எல்லா ஊர்ச் சந்தைக்கும் வருகிறது. அந்த லேபிள்களில் ஏழெட்டு மொழிகளில் 'பருத்தி' என்று அச்சிட்டிருக்கும்.

அதைப் படித்துக் காட்டுங்கள். ஆங்கிலத்தில் காட்டன், பிரெஞ்சில் கோதோன், ஸ்பானிய மொழியில் அல்கொதோன். மூன்றுமே 'குத்ன்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தவை. ஜெர்மன் மொழியில் பௌம்வொல்லெ, அதாவது மரத்தில் காய்க்கும் கம்பளி. ஆட்டு ரோமம் மட்டுமே தெரிந்தவர்கள் பருத்திக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? வகுப்பில் பீகார், ஒடிசாவிலிருந்து வந்த குழந்தை இருந்தால் அதன் மொழிச் சொல்லையும் கேளுங்கள். இந்தியில் கபாஸ், ஒடியாவில் கபா. தமிழ் தடுமாறுகிறதே என்று கடைசி பெஞ்சில் ஒதுங்கியிருக்கும் குழந்தை அன்று வகுப்புக்குச் சொல்லிக் கொடுக்கும். உலகக் குடிமை அந்த பெஞ்சில்தான் தொடங்குகிறது. எங்கோ இருக்கும் நாட்டுக் கொடிகளை அதற்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

லேபிள் சொல்லும் நாடு துணி தைக்கப்பட்ட இடம் மட்டுமே என்பதை மறக்காமல் சொல்லுங்கள். பருத்தி வேறு நாட்டிலும் நூல் வேறு நாட்டிலும் உருவாகியிருக்கலாம்.

இரண்டாம் வாரம்: இழை

இதை விரைவாக முடிக்கலாம். மூன்று துணிகளிலும் ஒரு சொட்டு நீர் விடுங்கள். பருத்தி உடனே உறிஞ்சும், ஜெர்சியில் சற்று நேரம் முத்தாக நிற்கும். பனியன் புதிதாக இருந்தால் ஒருமுறை துவைத்துவிடுங்கள், மேலே பூசிய மெருகு நீரை உள்ளே விடாது. பிறகு தையலோரத்தில் 5 செ.மீ. நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, மணல் தட்டின் மேல் எரித்துக் காட்டுங்கள். எரிப்பது ஆசிரியர் மட்டுமே. பருத்தி காகிதம் எரியும் வாசத்தோடு எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். பாலியஸ்டர் சுருங்கி, உருகி, கறுப்பு மணியாக இறுகும். சீருடை நூலில் இரண்டு குணமும் தெரிந்தால் அது கலப்பு இழை. உருகியது பெட்ரோலியத்திலிருந்து வந்த பிளாஸ்டிக் என்றும், துவைக்கும் ஒவ்வொரு முறையும் அதன் நுண்ணிழைகள் சாக்கடை வழியே ஆற்றுக்கும் கடலுக்கும் போகின்றன என்றும் சொல்லுங்கள். 'பருத்தி நல்லது, பாலியஸ்டர் கெட்டது' என்று இங்கேயே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். அடுத்த வாரம் அது உடையப் போகிறது.

மூன்றாம் வாரம்: நூறு குடம்

ஒரு கிலோ பருத்தித் துணிக்கு உலகச் சராசரியாக 10,000 லிட்டர் நீர் தேவைப்படுகிறது என்பது நீர்த்தடக் கணக்கு. இதை அப்படியே சொன்னால் ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுவார்கள். முதலில் பனியனை மாணவர்களே தராசில் வைக்கட்டும். 150 கிராம் இருந்தால் 1,500 லிட்டர். ஒரு பிளாஸ்டிக் குடம் 15 லிட்டர் பிடிக்கும் என்றால் நூறு குடம். பள்ளி முற்றத்தில் சாக்கட்டியால் 10 வரிசை, வரிசைக்கு 10 வட்டம் வரையச் சொல்லுங்கள். குடத்தின் அகலத்துக்கு வட்டம் போட்டால் ஏறக்குறைய மூன்று மீட்டர் சதுரம் வரும். அதன் நடுவே பனியனை விரித்து வையுங்கள். தண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு வரிசையில் நின்று பழகிய குழந்தைகளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

ஆனால் எண்ணை இங்கேயே விட்டுவிட்டால் தவறான பாடமாகிவிடும். அந்த 10,000 லிட்டரில் செடி குடித்த மழைநீரும் அடக்கம். பெரம்பலூரின் கரிசலில் மழையை நம்பி விளையும் பருத்தியும், பாலைவனத்துக்கு ஆற்றைத் திருப்பி விளைவிக்கும் பருத்தியும் ஒன்றல்ல. இரண்டாவதற்கு ஆரல் கடலைக் காட்டுங்கள். ஒரு காலத்தில் உலகின் நான்காவது பெரிய ஏரி. 1960-களிலிருந்து அதில் கலந்துவந்த அமு தரியா, சிர் தரியா ஆறுகளைச் சோவியத் ஒன்றியம் பருத்தி வயல்களுக்குத் திருப்பியது. இன்று எஞ்சியிருப்பது பழைய பரப்பில் பத்தில் ஒரு பங்கு அளவே. வறண்ட ஏரிப் படுகையில் துருப்பிடித்து நிற்கும் மீன்பிடிப் படகுகளின் படம் ஒன்று போதும். "நீர் எவ்வளவு?" என்ற கேள்வியோடு "எங்கே இருந்த நீர், யாருக்குப் போயிருக்க வேண்டிய நீர்?" என்ற கேள்வியும் மாணவர் வாயிலிருந்து வர வேண்டும். வரும்வரை காத்திருங்கள்.

நான்காம் வாரம்: சாயமும் உப்பும்

முழுப் பாடத்திலும் உயிர்நாடி இந்த வாரம். பருத்தியில் சாயம் ஏற உப்பு வேண்டும். அடர் நிறங்களுக்குச் சாயத்தொட்டியில் லிட்டருக்கு 50 கிராமுக்கும் மேல் போடுவது வழக்கம். உப்பு சாயத்தை நூலின்மேல் தள்ளிவிடுகிறது, தான் துணியில் ஒட்டுவதில்லை. போட்ட உப்பெல்லாம் கழிவுநீரோடு வெளியே வரும். நிறத்தை ஓரளவு சுலபமாக நீக்கிவிடலாம். கரைந்த உப்பை வண்டலைப் போல் படிய வைத்து எடுக்க முடியாது. நொய்யல் ஆற்றின் வரலாறே இந்த இரண்டு வரியில் இருக்கிறது.

சோதனையைத் திங்கட்கிழமை தொடங்குங்கள், வெள்ளிக்கிழமை முடியும். வேறு நாளில் தொடங்கினால் சனி, ஞாயிறில் காய்ந்துபோகும். ஒரு லிட்டர் நீரில் 10 கிராம் உப்பைக் கரையுங்கள். அதிலிருந்து 300 மி.லி. எடுத்து 200 மி.லி. நீர் சேர்த்தால் லிட்டருக்கு 6 கிராம் கரைசல். 150-உடன் 350 சேர்த்தால் 3 கிராம். 50-உடன் 450 சேர்த்தால் 1 கிராம். மிஞ்சும் 500 மி.லி. அப்படியே 10 கிராம் கரைசல். ஐந்தாவது, உப்பில்லாத நீர். ஒவ்வொரு மூடியிலும் இரண்டு மடிப்புப் பருத்தித் துணி விரித்து, 20 பச்சைப்பயறு பரப்பி, அதற்குரிய கரைசலில் நனையுங்கள். மூன்றாம் நாள் முளைத்தவற்றை எண்ண வேண்டும், ஐந்தாம் நாள் வேரை அளக்க வேண்டும்.

இது தோற்பதற்கு நான்கு காரணங்கள் உண்டு. முதலாவது, பள்ளி ஆழ்துளைக் கிணற்று நீரையே உப்பில்லாத நீர் என்று எடுத்துக்கொள்வது. பல ஊர்களில் அதிலேயே லிட்டருக்கு ஒரு கிராமுக்கு மேல் உப்பு இருக்கும், ஒப்பீடு முதலிலேயே கெட்டுவிடும். மழைநீரோ கேன் நீரோ எடுத்து, மீட்டரில் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். இரண்டாவது, காய்ந்த துணியின் மேல் மறுபடி கரைசல் ஊற்றுவது. நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. நாளுக்கு நாள் கரிப்பு ஏறும். தினமும் காலையில் பழைய கரைசலை முழுவதும் வடித்துவிட்டுப் புதிதாக நனையுங்கள். மூன்றாவது பழைய பயறு, முந்தின வாரமே பத்து பயறு ஊறவைத்துப் பாருங்கள். நான்காவது மீட்டர். பேனா மீட்டர்கள் பலவும் லிட்டருக்கு 9,990 மி.கி.-க்கு மேல் காட்டாது. 10 கிராம் கரைசலில் பிழைக் குறி வந்தால் மீட்டர் கெட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம், சம அளவு உப்பில்லாத நீர் கலந்து அளந்து இரண்டால் பெருக்குங்கள்.

ஒரு கிராமில் வேறுபாடு சொல்லும்படி இருக்காது. அதையும் உள்ளபடியே பதிவு செய்யச் சொல்லுங்கள். 10 கிராமில் முளைப்பு நன்றாகக் குறையும், முளைத்ததும் வேர் குட்டையாக நிற்கும். இது உப்பின் வேலை மட்டுமே, சாயக்கழிவில் வேறு இரசாயனங்களும் உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கூடவே பள்ளிக் குடிநீரையும் அளக்கட்டும். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மி.கி. வரை ஏற்கத்தக்கது, வேறு ஆதாரம் இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி.

மேசையில் வேர்கள் வரிசையாகக் கிடக்கும்போது நொய்யலைச் சொல்லுங்கள். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக ஓடிக் கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேரும் ஆறு. பாசனத்துக்கென்று 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. எந்த விவசாயிக்காக அணை கட்டப்பட்டதோ அவரே அந்த நீர் வேண்டாம் என்று நீதிமன்றம் போக நேர்ந்தது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே விடாத சுத்திகரிப்பு முறையோடுதான் அவை திரும்பத் திறந்தன.

கதையை அங்கே நிறுத்திவிடாதீர்கள். அந்த முறையில் நீரை அழுத்தி வடிகட்டி, மிஞ்சுவதைக் கொதிக்கவைத்து வற்றச் செய்கிறார்கள். அதற்கு எரிபொருளும் மின்சாரமும் ஏராளமாகத் தேவை. கடைசியில் மிஞ்சும் கலப்பு உப்பை எங்கே கொட்டுவது என்பது இன்றும் தலைவலிதான். ஆற்றைக் காப்பாற்றும் செலவை யார் ஏற்பது? பட்டறை உரிமையாளரா, பனியன் கம்பெனியா, வெளிநாட்டுக் கடையா, போட்டுக்கொள்பவரா? வகுப்பை ஐந்தாகப் பிரித்து 20 நிமிடம் வாதாட விடுங்கள். பட்டறை மூடியபோது வேலை இழந்தவர்களின் பக்கத்தை ஐந்தாவது குழுவுக்குக் கொடுங்கள், இல்லையென்றால் விவாதம் ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும்.

ஐந்தாம் வாரம்: புளியங்கொட்டையும் ராணா பிளாசாவும்

கடையில் பனியன் விலை 100 புளியங்கொட்டை என்று வையுங்கள். கடை, பிராண்டு, துணி, போக்குவரத்து, இடைத்தரகர், தொழிற்சாலை லாபம், தையல் தொழிலாளி என்று ஏழு பேரை நிறுத்துங்கள். யாருக்கு எத்தனை கொட்டை என்று மாணவர்களே முதலில் பங்கிடட்டும். தொழிலாளிக்குப் பெரும்பாலும் 20, 30 கொடுப்பார்கள். பிறகு ஐரோப்பியத் தொழிலாளர் நல அமைப்புகள் பரப்பிய ஒரு கணக்கைக் காட்டுங்கள். 29 யூரோவுக்கு விற்ற ஒரு பனியனின் விலையை 100 கொட்டையாக்கினால் கடைக்கு 59, பிராண்டுக்கு 12, துணிக்கு 12, போக்குவரத்துக்கு 8, இடைத்தரகருக்கும் தொழிற்சாலை லாபத்துக்கும் நந்நான்கு. தைத்தவருக்கு 18 சென்ட். அதாவது ஒரு கொட்டை முழுதாகக்கூடக் கிடையாது, உடைத்துத்தான் கொடுக்க வேண்டும். கடையின் 59-இல் வாடகையும் வரியும் ஊழியர் சம்பளமும் அடக்கம் என்பதையும் சொல்லிவிடுங்கள். உண்மையைப் பெரிதாக்கிக் காட்டினால் பின்னால் மாணவர்கள் மொத்தத்தையும் நம்ப மறுப்பார்கள்.

மறு பாடவேளை ராணா பிளாசா. 2013 ஏப்ரல் 24, வங்கதேசத்தில் டாக்காவுக்கு அருகே சாவாரில் எட்டு மாடிக் கட்டிடம் இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். முந்தின நாளே சுவரில் விரிசல் கண்டது. கீழ்த்தளத்து வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. மேல்தளங்களின் தையல் தொழிலாளர்கள் மட்டும் மறுநாள் வேலைக்கு வரச் சொல்லி அழைக்கப்பட்டார்கள். உடல்களின் படங்களைக் காட்ட வேண்டாம். ஏழு நாற்காலி போடுங்கள்: கட்டிட உரிமையாளர், தொழிற்சாலை மேலாளர், அரசுப் பொறியாளர், பிராண்டின் கொள்முதல் அதிகாரி, தொழிலாளி, தொழிற்சங்கக்காரர், பனியன் வாங்குபவர். நேரம் ஏப்ரல் 23 மாலை ஐந்து மணி. ஒவ்வொருவரும் மூன்றே வாக்கியம் பேச வேண்டும்: எனக்கு என்ன தெரியும், என்னால் என்ன செய்ய முடியும், செய்தால் எதை இழப்பேன். இந்த மூன்றாவது வாக்கியம் இல்லாவிட்டால் சினிமா வில்லன் நடிப்பாக முடிந்துவிடும்.

முடிவில் யாராவது "அப்போ அந்த நாட்டுத் துணியே வாங்கக் கூடாது" என்பார்கள். அதையும் தட்டிக்கழிக்காமல் எடுத்துப் பேசுங்கள். வாங்காமல் விட்டால் முதலில் வேலை போவது தைப்பவருக்கு. அந்த ஆண்டு மே மாதமே பிராண்டுகளும் தொழிற்சங்கங்களும் கட்டிட, தீப் பாதுகாப்புக்குச் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் போட்டன, 200-க்கும் மேற்பட்ட பிராண்டுகள் அதில் சேர்ந்தன. கேள்வி கேட்பதால் நிலைமை மாறும் என்பதற்கு அது சான்று. "ஐயோ பாவம்" என்ற தொனி வந்தால் உடனே திருத்துங்கள். சாவாரில் தைத்த பெண்ணும் திருப்பூரில் பவர் டேபிளில் (மின் தையல் இயந்திரத்தில்) உட்கார்ந்திருப்பவரும் ஒரே தொழில்காரர்கள். பரிதாபத்துக்கு அங்கே இடமில்லை.

ஆறாம் வாரம்: கையால் செய்வது

பொத்தான் தையுங்கள், பையன்களும் சேர்த்துத்தான். இயந்திரம் தைத்த பொத்தான் சட்டென்று கழன்றுவிடக் காரணம், பெரும்பாலும் அது ஒற்றை நூல் சங்கிலித் தையல். ஒரு முனையை இழுத்தால் முழுவதும் உருவிக்கொண்டு வரும். இரட்டை நூல் கோத்து, பொத்தானுக்கு மேல் ஒரு குண்டூசியை வைத்து அதன் மேலாகத் துளைக்கு நான்கு முறை தைக்க வேண்டும். பிறகு குண்டூசியை உருவி, பொத்தானுக்கும் துணிக்கும் நடுவே கிடைக்கும் தளர்வில் மூன்று சுற்று சுற்றி, பின்புறம் முடிச்சிட வேண்டும். குண்டூசி வைக்காமல் இறுக்கித் தைத்தால் பொத்தான் துளைக்குள் துணி சுருங்கும், சீக்கிரம் கிழியும். ஒரு பாடவேளைக்குள் எல்லோருக்கும் வந்துவிடும்.

அடுத்தது சீருடை அலமாரி. அரசுப் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு நான்கு இணை விலையில்லாச் சீருடை வருகிறது. வளர்ந்த பிள்ளைக்குப் போதாமல் போன நல்ல சட்டைகள் வீட்டில் தூங்குகின்றன. துவைத்து, தேய்த்து, மார்பளவு எழுதிய சீட்டு ஊசி குத்தி அடுக்குங்கள். ஏழைப் பிள்ளைகளுக்கு என்று பெயர் வைத்தால் ஒருவரும் எடுக்க மாட்டார்கள். ஒன்று வைத்தால் ஒன்று எடுக்கலாம் என்று வையுங்கள், முதல் நாள் ஆசிரியர் பிள்ளைகளும் மாற்றிக்கொள்ளட்டும். எத்தனை சட்டை கை மாறியது, எத்தனை பொத்தான் தைத்தோம் என்று மாதாமாதம் பதிவேட்டில் எழுதி, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் மாணவரே வாசிக்க வேண்டும்.

வெளியுலகத் தொடர்புக்கு வீடியோ அழைப்பை நம்பாதீர்கள், இணைப்பு சரிசெய்வதிலேயே பாடவேளை போய்விடும். இலங்கையில் ஒரு தமிழ்ப் பள்ளியைப் பிடியுங்கள். அங்கும் ஆயத்த ஆடைதான் பெரிய ஏற்றுமதித் தொழில், கட்டுநாயக்க வர்த்தக வலயம் 1978-இலிருந்து இயங்குகிறது. இரண்டு நிமிடக் குரல் பதிவுகளாகக் கேள்வி, பதில் அனுப்பலாம். பதிவுகள் ஆசிரியர் கைபேசி வழியாக மட்டும் போகட்டும். குழந்தைகளின் படமும் எண்ணும் போக வேண்டாம்.

கடைசிப் பாடவேளையில் புதுத் தாள் கொடுத்து முதல் வாரக் கேள்வியையே கேளுங்கள். அதே 15 நிமிடம். பிறகு பீரோவைத் திறந்து பழைய படத்தைப் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். மதிப்பெண் போட்டே ஆக வேண்டுமென்றால் புதிதாக வந்த ஒவ்வொரு ஆளுக்கும் ஒன்று, ஒவ்வோர் இடத்துக்கும் ஒன்று, மாணவருக்கு இன்னும் விடை தெரியாத ஒரு கேள்வியை எழுதியிருந்தால் இரண்டு. அந்தக் கேள்விகளை மட்டும் தனியாகப் படியெடுத்து வையுங்கள், அடுத்த ஆண்டு வகுப்பை அவற்றிலிருந்து தொடங்கலாம்.